ரெண்டு பாட்டில், ரெண்டும் 68

போன பொங்கலுக்குக் கோயம்புத்தூர் போயிருந்தபோது சித்தப்பா இரண்டு தண்ணி பாட்டில்களைக் கொண்டுவந்து என் பையில் செருகினார். இரண்டிலும் மஞ்சளாக எண்ணெய். மூடி மேல் மார்க்கர் பேனாவால் 1, 2 என்று எழுதியிருந்தது. "கண்ணு, இதுக்குத்தானே மெட்ராஸ்ல உனக்குச் சம்பளம் குடுக்கறாங்க? ரெண்டுல எது நல்லா வழுக்குதுன்னு உன் மெஷின்ல போட்டுப் பாத்து ஒரு நம்பர் மட்டும் சொல்லிரு."

நான் வேலை பார்ப்பது மசகு எண்ணெய்களைச் சோதிக்கும் ஒரு லேபில். சொந்தக்காரர்களிடம் இதைச் சொல்லிப் புரியவைக்க எனக்கு இதுவரை வாய்த்ததில்லை, அம்மாவே பக்கத்து வீட்டில் "பெட்ரோல் கம்பெனி" என்றுதான் சொல்லி வைத்திருக்கிறார். சித்தப்பா ஒருவர்தான் என் வேலையை ஒரு வேலையாக மதித்து வேலை கொடுத்தவர். அந்த மனிதருக்கு நான் தப்பான பதில் சொன்ன கதைதான் இது.

கோவை கணபதியில் அவருக்கு ஒரு சின்ன லேத் பட்டறை. பம்ப் ஷாஃப்ட் கடைசல், ஜாப் வொர்க். பழைய லேத் ஒன்றில் சேடில், அதாவது வெட்டும் உளியைச் சுமந்துகொண்டு நகரும் பாகம், உதறுகிறது. ஃபினிஷிங் கட்டுக்காக மெதுவாக நகர்த்தினால் சேடில் ஒரு கணம் பிடித்துக்கொண்டு நிற்கிறது, அப்புறம் விலுக்கென்று ஒரு துள்ளு துள்ளுகிறது. டயலில் பாயின்ட் ஜீரோ டூ, அதாவது 0.02 மி.மீ., கொடுத்தால் ஒன்றுமே நகராது, இன்னும் கொஞ்சம் கொடுத்தால் மூன்று மடங்காகத் தாண்டிவிடும். ஷாஃப்ட் மேல் கோடு கோடாக விழுகிறது. அவர் அதுவரை ஊற்றிக்கொண்டிருந்தது ஹைட்ராலிக் ஆயில் 68, அதுதான் பாட்டில் 1. கடைக்காரர் "ஸ்லைடுவே ஆயில்னு தனியா இருக்குதுங்க, அதுவும் 68தான், விலைதான் கூட" என்று கொடுத்த சாம்பிள் பாட்டில் 2. (ஸ்லைடுவே என்பது சேடில் வழுக்கிப் போகிற இரும்புத் தடம்.) இரண்டும் 68 என்றால் எதற்கு விலை கூட? நியாயமான கேள்விதானே.

இரண்டு எண்ணெயையும் விரலுக்கு நடுவே தேய்த்துக் காட்டினார். பட்டறைக்காரர்கள் எல்லோரும் செய்வதுதான், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு சொட்டு வைத்து, கண்ணை லேசாக மூடிக்கொண்டு, சாம்பாரில் உப்புப் பார்க்கிற மாதிரி ஒரு முகம். அந்தத் தேய்ப்பில் தெரிவது பெரும்பாலும் பிசுக்குமைதான். கொழகொழவென்று இருக்கிறதா, தண்ணியாக இருக்கிறதா என்பதை விரல் சொல்லும். 68 என்ற எண்ணும் அதை மட்டுமே சொல்கிறது. 40 டிகிரி செல்சியஸில் அந்த எண்ணெயின் பிசுக்குமை 68 சென்டிஸ்டோக்ஸ், அதில் பத்து சதவீதம் முன்னே பின்னே இருக்கலாம், அவ்வளவே. உராய்வைப் பற்றி அந்த எண் வாயைத் திறப்பதில்லை. இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும்தான் அடுத்த தப்பைச் செய்தேன்.

லேபில் எங்களுக்கு ரொம்பப் பழகிய மெஷின் ஃபோர் பால் டெஸ்டர். நான்கு எஃகு உருண்டை, ஒவ்வொன்றும் அரை அங்குலம், 12.7 மில்லிமீட்டர், பேரிங்கில் போடுகிற அதே குரோம் ஸ்டீல். மூன்றை ஒரு கிண்ணத்தில் ஒன்றையொன்று தொட்டபடி இறுக்கிப் பூட்ட வேண்டும். நடுவில் விழும் குழியில் நான்காவது உட்காரும். சோதிக்க வேண்டிய எண்ணெயைக் கிண்ணத்தில் மூன்று உருண்டையும் மூழ்கும்படி ஊற்றி, மேல் உருண்டையைச் சுழற்றி, கீழிருந்து பளுவை ஏற்றுவது. போர்லாகே என்பவர் 1933-ல் இதைப் பற்றி எழுதினார், நெதர்லாந்தில் ஷெல் கம்பெனியின் ஆய்வகத்தில் பிறந்த மெஷின். கிட்டத்தட்ட ஒரு நூற்றாண்டு ஆகப் போகிறது, உருண்டை மாறவில்லை, அடுக்கு மாறவில்லை.

வழக்கமான தேய்மானச் சோதனைக்கு 40 கிலோ பளு, நிமிடத்துக்கு 1200 சுற்று, எண்ணெய் 75 டிகிரி, ஒரு மணி நேரம். முடிந்ததும் கீழ் உருண்டைகள் மூன்றிலும் வட்டமாக ஒரு தேய்ந்த தழும்பு இருக்கும், மைக்ராஸ்கோப்பில் அதன் விட்டத்தை அளப்போம். ஓடும்போதே உராய்வையும் அளக்கலாம். மேல் உருண்டை சுழலும்போது கீழ்க் கிண்ணத்தையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போகப் பார்க்கும், கிண்ணத்திலிருந்து நீட்டிய ஒரு கை போய் லோடு செல் என்ற விசை அளக்கும் கருவியை அழுத்தும், அந்த அழுத்தத்திலிருந்து முறுக்கு, முறுக்கிலிருந்து உராய்வுக் கெழு. கணக்கு சின்னதுதான், ஆனால் அளவுகளை நேரில் பார்த்தால்தான் உறைக்கும். 40 கிலோ பளுவில் உராய்வுக் கெழு 0.1 என்றால் கிண்ணத்தில் வரும் முறுக்கு 0.176 நியூட்டன் மீட்டர். ஒரு சாண் கூட இல்லாத, 10 செ.மீ. நீளமுள்ள ஒரு கையின் நுனியில் 180 கிராம் எடையைத் தொங்கவிட்டால் எவ்வளவு திருகுமோ அவ்வளவு. 0.10-க்கும் 0.11-க்கும் வித்தியாசம் 18 கிராம். கிண்ணத்துக்கு அடியில் இருக்கும் பேரிங்கில் கொஞ்சம் அழுக்கு சேர்ந்திருந்தால் அதுவே இந்த 18 கிராமைத் தின்றுவிடும். அதனால் பளு ஏற்றுமுன் கிண்ணத்தைக் கையால் மெதுவாகச் சுழற்றி விட்டுப் பார்ப்பது என் பழக்கம். எங்கேயாவது தயங்கி நின்றால் அன்றைக்கு டெஸ்ட் கிடையாது, பேரிங்கைக் கழற்றிக் கழுவுகிற நாள்.

உருண்டையைக் கழுவுவதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், இந்த வேலையில் பாதி அதுதான். டப்பாவில் துருப்பிடிக்காமலிருக்க ஒரு எண்ணெய் பூசித்தான் உருண்டைகள் வரும். முதலில் ஹெப்டேனில் ஒரு குளியல், அப்புறம் அல்ட்ராசோனிக் தொட்டியில், கடைசியாக அசிட்டோன், பிறகு காய வைப்பது. அதன் பிறகு விரல் படக்கூடாது. சேர்ந்த புதிதில் கையுறை போடாமல் ஒரு உருண்டையை எடுத்து வைத்துவிட்டேன், ஆரம்பத்து உராய்வு அழகாகக் குறைவாக வந்தது. சீனியர் அண்ணன் வரைபடத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "உன் கை எண்ணெய்தான்டா ஓடுது, சாம்பிள் இன்னும் ஓடவே ஆரம்பிக்கல." தோலில் இருக்கிற கொழுப்பு அமிலங்கள் இரும்பில் ஒட்டிக்கொண்டால் ஒரு மூலக்கூறு கனத்துக்கு ஒரு வழுக்குப் படலம் போடும். ஆமாம், ஒரே ஒரு மூலக்கூறு அடுக்கு. அதுவே பாதி வேலையைச் செய்துவிடும்.

சரி, பாட்டில் 1, பாட்டில் 2 இரண்டையும் ஒரு சனிக்கிழமை, லேப் பெரியவரிடம் அனுமதி வாங்கி ஓட்டினேன். தழும்பின் அளவில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. உராய்வுக் கெழுவும் ஒன்றின் மேல் ஒன்று படுத்த மாதிரி இரண்டு கோடு. ஹைட்ராலிக் ஆயிலில் தேய்மானத்தைத் தடுக்க ஸிங்க் சேர்மம் இருக்கும், அது இந்த மெஷினில் எப்போதுமே நல்ல மார்க் வாங்கும். போனைப் போட்டுச் சொன்னேன்: "சித்தப்பா, ரெண்டும் ஒண்ணுதான். விலை கம்மியா இருக்கறதையே ஊத்துங்க."

அவர் அப்படியே செய்தார். பிப்ரவரி கடைசியில் போன் வந்தது. குரலில் கோபம் இல்லை, கொங்கு மரியாதை, அதுதான் இன்னும் வலித்தது. "கண்ணு, நீ சொன்னாப்ல ஒண்ணாம் நம்பரையே ஊத்தினனுங்க. அது இன்னும் உதறுதுங்க. பாக்கி இருந்த ரெண்டாம் நம்பரைச் சும்மா ஊத்திப் பாத்தேன், வெண்ணெயாட்டம் போவுது." என்னை 'ங்க' போட்டுப் பேசுகிறார் என்றால் என்ன அர்த்தம் என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

அன்று ராத்திரி ஒரு பேப்பரில் கணக்குப் போட்டுப் பார்த்தேன், முதலிலேயே போட்டிருக்க வேண்டியது.

ஃபோர் பாலில் 1200 சுற்றில் உருண்டைகள் உரசும் வேகம் விநாடிக்கு சுமார் 460 மில்லிமீட்டர். சித்தப்பாவின் லேத்தில் ஷாஃப்டின் ஒரு சுற்றுக்குச் சேடில் 0.1 மி.மீ. நகர்கிறது, ஷாஃப்ட் 400 ஆர்.பி.எம். என்று வைத்தால் சேடில் நகர்வது விநாடிக்கு 0.67 மில்லிமீட்டர். கிட்டத்தட்ட 700 மடங்கு வித்தியாசம். அடுத்தது அழுத்தம். 40 கிலோ பளுவில் உருண்டையும் உருண்டையும் தொடும் இடம் 0.3 மி.மீ. விட்டம்தான், அதனால் நடுவில் அழுத்தம் சுமார் 3.4 கிகாபாஸ்கல், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 34 டன் மாதிரி. லேத்தில் சேடிலின் எடையையும் கட்டிங் விசையையும் சேர்த்து 100 கிலோ என்று வைத்தாலும் அது உட்கார்வது 300 சதுர சென்டிமீட்டர் மேல், அதாவது சதுர சென்டிமீட்டருக்கு அரைக் கிலோ கூட இல்லை. லட்சம் மடங்கு வித்தியாசம்! லேபில் குரோம் ஸ்டீல், பட்டறையில் வார்ப்பிரும்பு. லேபில் 75 டிகிரி, பட்டறையில் கணபதி வெயில். சித்தப்பா கேட்ட கேள்விக்கும் நான் செய்த சோதனைக்கும் பொதுவாக இருந்தது அந்த எண்ணெய் மட்டும்தான்.

இங்கேதான் எனக்கு ஒரு மனக்குறை. உராய்வுக் கெழு என்பதை அடர்த்தி மாதிரி, கொதிநிலை மாதிரி, எண்ணெயின் குணம் என்று நினைத்துக்கொள்கிறோம். டேட்டா ஷீட்டிலும் அப்படித்தான் போடுகிறார்கள், ஒரு எண், பக்கத்தில் ஒன்றும் இல்லை. எந்த உலோகம், என்ன வேகம், எவ்வளவு பளு, எத்தனை சூடு என்று சொல்லாமல் அந்த எண்ணுக்கு அர்த்தமே கிடையாது. ஒரு கம்பெனியின் விளம்பரத் தாளில் ஃபோர் பால் தழும்பு 0.25 மி.மீ. என்று பெருமையாக அச்சடித்திருந்ததை ஒருமுறை பார்த்தேன். 40 கிலோவில் எண்ணெய் தேவாமிர்தமாகவே இருந்தாலும், ஒரு துளி தேய்மானம் இல்லாவிட்டாலும், உருண்டை நசுங்கித் தொடுகிற வட்டமே 0.3 மி.மீ. இருக்கும். அதற்குக் கீழே தழும்பு வரவே வராது. யோசித்துப் பார்த்தால், அதே சோதனையில் 15 கிலோ பளு என்று இன்னொரு வழியும் உண்டு. அதில் அந்த வட்டம் 0.21, 0.22 தான், 0.25 வருவது சாத்தியமே. பொய் சொல்லவில்லை, பளுவைச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள், அவ்வளவுதான்.

வேகம் ஏன் இவ்வளவு முக்கியம்? இதற்குப் பழைய கதை ஒன்று உண்டு, எனக்கு ரொம்பப் பிடித்தது. 1883, இங்கிலாந்து. பூஷாம்ப் டவர் என்ற எஞ்சினியர் ரயில் அச்சு பேரிங்கின் உராய்வை அளந்துகொண்டிருந்தார். அச்சு அடியில் எண்ணெயில் தோய்ந்தபடி ஓடுகிறது, பேரிங் மேலே உட்கார்ந்திருக்கிறது. எண்ணெய் விட வசதியாக பேரிங்கின் உச்சியில் ஒரு துளை போட்டார். மெஷினை ஓட்டியதும் அந்தத் துளை வழியாக எண்ணெய் மேலே பொங்கி வழிந்தது. கார்க் வைத்து அடைத்தார், மரக்கட்டை ஆப்பு அடித்தார், அதையும் தள்ளிக்கொண்டு வந்தது. பிரஷர் கேஜை மாட்டினால் முள் 200 பவுண்டைத் தாண்டிப் போய்விட்டது, பேரிங் மேல் இருந்த சராசரிப் பளுவோ சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டுதான். அச்சு சுழலும் வேகத்தில் எண்ணெயைத் தானே ஆப்பு மாதிரி உள்ளே இழுத்து, அந்த எண்ணெய் அழுத்தத்தின் மேல் முழு பேரிங்கும் மிதந்துகொண்டிருந்திருக்கிறது, இரும்பு இரும்பைத் தொடவே இல்லை. மூன்று வருடம் கழித்து 1886-ல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் இதற்குச் சமன்பாடு எழுதினார். 1902-ல் ஜெர்மனியில் ஸ்ட்ரைபெக் பேரிங்குகளை விதவிதமான வேகத்தில் ஓட்டி உராய்வை வரைந்தபோது வந்த வளைவுக்குத்தான் இன்றும் அவர் பெயர்.

அந்த வளைவை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். ரொம்ப மெதுவாக ஓடினால் எண்ணெய்ப் படலம் எழும்பாது, இரண்டு இரும்புப் பரப்பிலும் இருக்கும் நுண்ணிய மேடும் மேடும் உரசும், உராய்வு 0.1, 0.15 என்று நிற்கும். வேகம் கூடினால் படலம் எழும்பி உராய்வு சறுக்கு மரத்தில் இறங்குவது போல் இறங்கும், நூறில் ஒரு பங்கு, ஆயிரத்தில் சில பங்கு என்று. அதற்கு மேலும் வேகம் கூடினால் இப்போது எண்ணெயின் கொழகொழப்பே தடையாகி மறுபடி மெதுவாக ஏறும். லேத்தை உதற வைப்பது நடுவில் இருக்கும் அந்த இறக்கம். சேடில் நிற்கும்போது உராய்வு அதிகம், திருகு தள்ளித் தள்ளி ஸ்பிரிங் போல முறுக்கேறுகிறது, ஒரு கட்டத்தில் சேடில் விடுபடுகிறது, நகர்ந்ததும் உராய்வு திடீரென்று குறைவதால் தாண்டிக் குதிக்கிறது, குதித்ததும் நிற்கிறது, நின்றதும் மறுபடி பிடிக்கிறது. ஆகவே பார்க்க வேண்டியது உராய்வு எவ்வளவு என்பதைவிட, நிற்கும்போது இருக்கும் உராய்வுக்கும் நகரும்போது இருக்கும் உராய்வுக்கும் நடுவே எத்தனை பள்ளம் என்பது. என் ஃபோர் பால் நிற்கவே நிற்காது. அதனிடம் போய் இதைக் கேட்டிருக்கிறேன்.

சித்தப்பாவுக்கு இதை எப்படிச் சொல்வது என்று வீட்டில் ஒரு எவர்சில்வர் தாம்பாளமும் இரண்டு நாணயமும் வைத்து முயன்று பார்த்தேன். நீங்களும் செய்யலாம். ஒரு நாணயத்துக்கு அடியில் மண்ணெண்ணெய், இன்னொன்றுக்கு அடியில் விளக்கெண்ணெய். தாம்பாளத்தின் ஒரு பக்கத்தை மெதுவாகத் தூக்கிக்கொண்டே போங்கள். மண்ணெண்ணெய் நாணயம் ஒரு கோணம் வரை அசையாது, அப்புறம் ஒரே ஓட்டமாக ஓடிவிடும். விளக்கெண்ணெய் நாணயம் தாம்பாளத்தைக் கொஞ்சம் தூக்கினாலே புறப்பட்டுவிடும், ஆனால் கோயில் தேர் மாதிரி, நகர்வதே தெரியாமல். இதில் எது "நல்லா வழுக்குது"? ஒன்றில் தடை ஒரு கதவு மாதிரி, திறந்தால் திறந்ததுதான். இன்னொன்றில் கதவே இல்லை, சேறு மட்டும்தான், எவ்வளவு வேகமாகப் போகிறோமோ அவ்வளவு இழுக்கும். இன்னொன்றும் கவனித்தேன். விளக்கெண்ணெய் நாணயத்தின் மேல் ஒரு எடையை வைத்து ராத்திரி முழுக்க விட்டு, காலையில் எடையை எடுத்துவிட்டுத் தூக்கினால் அதற்கும் ஒரு கதவு வந்துவிடுகிறது, எண்ணெய் பிதுங்கி வெளியே போய்விட்டதால். திங்கட்கிழமை காலையில் லேத் அதிகம் உதறுகிறது என்று சித்தப்பா சொல்வதற்கு இதுதான் காரணம், ஞாயிறு முழுக்கச் சேடில் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. (மனைவிக்கு இந்தத் தாம்பாள விஷயம் தெரியாது. மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவினேன். பொங்கலுக்கு எடுக்கும் தாம்பாளம் அது.)

அப்புறம் ஒழுங்காகச் செய்தேன். லேபில் முன்னும் பின்னும் நகர்ந்து உராய்வை அளக்கும் ஒரு மெஷின், டிரைபோமீட்டர், உண்டு. வார்ப்பிரும்புத் தகடு, வார்ப்பிரும்பு முளை, அறை வெப்பம், குறைந்த பளு, வேகம் விநாடிக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் கீழே. முதல் ஓட்டத்தில் மறுபடியும் இரண்டும் ஒன்று போலவே வந்தது, எனக்கு வியர்த்துவிட்டது. அரை மணி நேரம் முழித்த பிறகுதான் உறைத்தது, மென்பொருள் விநாடிக்கு ஒரு புள்ளியைத்தான் பதிவு செய்துகொண்டிருந்தது, அதுவும் சராசரி எடுத்து. உதறலை எல்லாம் இஸ்திரி போட்டு மடித்து என்னிடம் கொடுத்துக்கொண்டிருக்கிறது. விநாடிக்கு ஆயிரம் புள்ளி என்று மாற்றிவிட்டு ஓட்டினேன். பாட்டில் 1: ரம்பப் பல். ஏறும், ஏறும், செங்குத்தாக விழும், மறுபடி ஏறும், திரை முழுக்க அச்சடித்த மாதிரி பல். பாட்டில் 2: கொஞ்சம் நடுங்கும் ஒரு கோடு. அவ்வளவுதான். சராசரி எடுத்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே எண்.

அந்தத் திரையைப் போனில் படம் பிடித்துச் சித்தப்பாவுக்கு அனுப்பினேன். "இதான், இதேதான்" என்று பதில் வந்தது. அவர் ஷாஃப்ட் மேல் பார்த்துக்கொண்டிருந்த கோடுகளையும் இந்தப் பற்களையும் உண்டாக்குவது ஒரே விஷயம்தானே.

ஸ்லைடுவே எண்ணெயில் அப்படி என்ன இருக்கிறது? செங்குத்தான இடத்திலும் வழியாமல் ஒட்டிக்கொள்ள ஒரு பசை மாதிரி பாலிமர், அது ஒரு பக்கம். உராய்வைப் பொறுத்தவரை, கொழுப்பு வகையைச் சேர்ந்த, ஒரு முனை இரும்பைப் பிடித்துக்கொள்ளும் மூலக்கூறுகள். புல்தரை மாதிரி இரும்பு மேல் நெருக்கமாக நின்று, நிற்கும்போதே வழுக்கலைத் தயாராக வைத்திருக்கும், படலம் எழும்பும்வரை காத்திருக்கத் தேவையில்லை. என் கைவிரல் அன்றைக்கு உருண்டையில் செய்த அதே வேலை. மாட்டு வண்டி அச்சுக்கு விளக்கெண்ணெயில் வைக்கோல் கரியைக் குழைத்து மை போட்டவர்களுக்கு மூலக்கூறு தெரியாது, ஆனால் எந்த எண்ணெய் நிற்கும், எது நிற்காது என்று தெரிந்திருந்தது. தேங்காய் எண்ணெயும் இந்த விதத்தில் கெட்டிக்காரன்தான். கேரளத்தில் ஆட்டோக்காரர்கள் சிலர் டூ ஸ்ட்ரோக் வண்டியில் 2டி ஆயிலுக்குப் பதிலாகத் தேங்காய் எண்ணெயை ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள். ஃபோர் பாலில் போட்டால் உராய்வு எஞ்சின் ஆயிலைவிடக் குறைவாக வரும், ஆனால் தழும்பைப் பார்த்தால் பெரிதாக இருக்கும். வழுக்குவது வேறு, தேயாமல் காப்பது வேறு. எஞ்சின் ஆயிலில் இருக்கும் அந்த ஸிங்க் சேர்மம் இரும்பு மேல் கண்ணாடி போல் ஒரு பாஸ்பேட் படலத்தைப் போடுகிறது, அது சொரசொரப்பானது, சில வேகங்களில் உராய்வைக் கூட்டக்கூடச் செய்யும், ஆனால் கீழே இருக்கும் இரும்பைத் தொட விடாது. தேங்காய் எண்ணெய்க்கு இன்னொரு சங்கடம், 24 டிகிரி வாக்கில் உறைந்துவிடும், கோவையின் மார்கழிக் காலைக்கு ஆகாது.

உராய்வு குறைந்தால் நல்லது என்பதே எல்லா இடத்திலும் சரியில்லை. என் பைக்கில் பட்ட அனுபவம் இது. ஒரு சர்வீஸ் கடையில் காருக்கான நல்ல, விலை கூடிய ஆயிலை அன்பாக ஊற்றிக் கொடுத்தார்கள். இரண்டு வாரத்தில் மேம்பாலம் ஏறும்போது எஞ்சின் கத்துகிறது, வண்டி போகவில்லை. பெரும்பாலான கியர் பைக்குகளில் கிளட்ச் எஞ்சின் ஆயிலுக்குள்ளேயே முங்கியிருக்கும், அது பிடித்துக்கொள்ள உராய்வு வேண்டும். பெட்ரோல் மிச்சம் பிடிக்கக் கார் ஆயிலில் சேர்க்கும் உராய்வுக் குறைப்பான் அந்தப் பிடியைத் தளர்த்திவிடுகிறது. பைக் ஆயில் டப்பாவில் ஜாசோ எம்ஏ, எம்ஏ2 என்று இருப்பதைப் பார்த்திருப்பீர்கள், ஜப்பான்காரர்களின் தரம். உண்மையான கிளட்ச் தகடுகளை எண்ணெயில் முக்கி, சுழலவிட்டுப் பிடித்து நிறுத்தி, அந்த உராய்வை அளந்து, ஒரு உயர்ந்த, ஒரு தாழ்ந்த ஒப்பீட்டு எண்ணெயோடு வைத்து மதிப்பிடுகிறார்கள். எம்ஏ2 என்றால் உராய்வு அதிகம் என்று பொருள், எம்பி என்றால் குறைவு, அது ஈரக் கிளட்ச் இல்லாத ஸ்கூட்டருக்கு. எனக்கு இந்தச் சோதனை முறை மேல் பெரிய மரியாதை, ஏனென்றால் அளவு என்னவென்று யோசிக்கும் முன்னால் எதற்கு என்று யோசித்திருக்கிறார்கள்.

இதற்கு நேர் எதிர் ஒன்று உண்டு, கண்காட்சிகளில் பார்த்திருப்பீர்கள். சுழலும் ஒரு வளையம், அதன் மேல் நெம்புகோலால் அழுத்தும் ஒரு உருளை. சாதா எஞ்சின் ஆயிலில் கொஞ்சம் எடை வைத்ததும் கிறீச்சிட்டு மோட்டார் நின்றுவிடும். அவர்கள் டப்பாவிலிருந்து நாலு சொட்டு விட்டதும் எத்தனை எடை தொங்கவிட்டாலும் ஓடும், கூட்டம் கை தட்டும். சித்தப்பாவும் தட்டிவிட்டு ஒரு டப்பா வாங்கி வந்தார். குளோரின் சேர்ந்த பாரஃபின் மாதிரி ஒன்றை விட்டால் போதும், உரசும் இடத்துச் சூட்டில் அது இரும்போடு வினைபுரிந்து சுலபமாகப் பிய்யும் படலம் ஒன்றைப் போட்டுவிடும். அது கட்டிங் ஆயிலில் நல்ல சரக்கு. எஞ்சினுக்குள் போனால் ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி பேரிங்கை அரிக்கும். போதாக்குறைக்கு, முதல் ஓட்டத்தில் தேய்ந்து அகலமான அதே இடத்திலேயே இரண்டாவது ஓட்டத்தையும் ஓட்டினால் அழுத்தம் தானாகவே குறைந்திருக்கும், பச்சைத் தண்ணி கூடக் கொஞ்சம் நன்றாகத் தெரியும். அந்த டப்பாவை இன்னும் திறக்காமல் அலமாரியில் வைத்திருக்கிறார், எனக்குக் காட்டாமல்.

போன மாதம் கணபதி போனேன். லேத்தில் ஸ்லைடுவே 68 ஓடுகிறது. பாயின்ட் ஜீரோ டூ கொடுத்தால் பாயின்ட் ஜீரோ டூ வருகிறது என்று டயல் கேஜை வைத்து எனக்கு நிரூபித்தார், ஒருமுறை அல்ல, நாலு முறை. நான் கேட்கவே இல்லை.

"சரி கண்ணு, இப்பவாச்சும் சொல்லு, ரெண்டாம் நம்பருக்கு நம்பர் என்ன?"

"எந்த வேகத்துலங்க சித்தப்பா?"

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். அப்புறம் டீ சொல்லிவிட்டு, மிச்சமிருந்த ஹைட்ராலிக் 68 கேனைத் தூக்கிக்கொண்டு போய் இரும்பு அறுக்கும் பவர் ஹாக்ஸாவின் ஹைட்ராலிக் டேங்கில் ஊற்றினார்.